ஒன்பது ரெக்கார்டு, ஒரே கை

என் மகள் காசு கொடுத்து ரெக்கார்டு நோட்டு எழுதி வாங்கினாளாம். போனில் சொன்னவர் பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க். நான் அப்போது திருமழிசை எஸ்டேட்டில் எங்கள் யூனிட்டில் உட்கார்ந்து, காருக்குப் போகிற ரப்பர் வளையங்களில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். கையில் பிளேடு இருந்தது. நல்லவேளை, அந்த ஆள் போனில் இருந்தார், எதிரில் இல்லை.

"இன்னா சொன்னீங்க? திரும்பிச் சொல்லுங்க," என்றேன்.

"சௌம்யா ரெக்கார்டு அவ எழுதினது இல்லைன்னு எக்ஸ்டர்னல் சார் சொல்றாரும்மா. பிராக்டிகல்ல உக்கார வுடமாட்டேன்றாரு. பதினோரு மணிக்குள்ள வாங்க. இல்லேன்னா ஆப்சென்ட் போட்டுருவாங்க."

ஆப்சென்ட் என்றால் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி போச்சு. கெமிஸ்ட்ரி போனால் அவள் சேர நினைத்திருக்கிற லேப் டெக்னீஷியன் படிப்பும் போச்சு. ஒரு வருஷம் வீட்டில் கிடக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வருஷம் வீட்டில் கிடக்கிற பெண்ணுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு நடந்ததே அதுதான். பதினெட்டு வயதில் கல்யாணம், பத்தொன்பதில் சௌம்யா.

சூப்பர்வைசர் அரை நாள் சம்பளம் கட் என்றான். "முழு நாளே வெட்டிக்கோ, எனக்குதான் வெட்டி வெட்டிப் பழக்கம்," என்று சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹைவேயில் போய் நின்றேன். பஸ் வர எட்டு நிமிஷம் ஆனது. அந்த எட்டு நிமிஷமும் நான் வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்ததில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தள்ளிப் போய் நின்றார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? அந்த நோட்டை அவள் எழுதினதை நான் பார்த்தேன். சமையல் கட்டில் நான் வெங்காயம் நறுக்க, எதிரே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினாள். சௌம்யா கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் அவள் எழுதின இங்கிலீஷை நூறு பேர் எழுத்துக்கு நடுவில் கண்டுபிடித்துவிடுவேன். அவள் போடுகிற அந்த 'ஜி' எழுத்தின் வால் மட்டும் கீழே போய் நின்று, யோசித்துவிட்டு இடது பக்கம் திரும்பும். கட்டம் போட்டால் ஓரக்கோடு மட்டும் ரெட்டைக் கோடாக இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான்.

ரெக்கார்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லேபில் செய்கிற சோதனையை முதலில் அப்சர்வேஷன் நோட்டு என்ற ஒன்றில் அங்கேயே அவசரமாகக் குறித்துக்கொள்வார்கள். டீச்சர் அன்றைக்கே தேதியோடு கையெழுத்துப் போடுவார். பிறகு அதையே வீட்டில் அழகாக ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். பரீட்சை அன்று வேறு பள்ளிக்கூடத்திலிருந்து எக்ஸ்டர்னல் என்று ஒருவர் வருவார். அவர் ரெக்கார்டை ஒத்துக்கொண்டால்தான் லேபுக்குள் போக முடியும். உள்ளே வைவா என்று வாயால் கேள்வி கேட்டு மார்க் போடுகிறவரும் அவர்தான்.

இப்போது மறைக்காமல் இன்னொன்றையும் சொல்கிறேன். சௌம்யா மற்றவர்களுக்கும் ரெக்கார்டு எழுதிக் கொடுத்தாள். காசுக்குத்தான். போனில் அதற்கென்று ஒரு குரூப் இருக்கிறது. ஹோம்வொர்க், அசைன்மெண்ட், ரெக்கார்டு, எது வேண்டுமானாலும் பக்கத்துக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பார்கள். எழுதச் சொல்கிறவன் யார் என்று எழுதுகிறவளுக்குத் தெரியாது. எழுதுகிறவள் யார் என்று அவனுக்கும் தெரியாது. நடுவில் அட்மின் என்று ஒருவன், அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. வெற்று நோட்டுகள் குமணன்சாவடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பையில் வரும், எழுதி முடித்ததும் அதே கடைக்குத் திரும்பிப் போகும். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் யூனிட்டில் ஜாப் வொர்க்தான் செய்கிறோம். நான் பிசிறு வெட்டுகிற வளையத்தில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கிறது, லோகநாயகி என்றா இருக்கிறது? செய்கிறவள் ஒருத்தி, பெயர் இன்னொருவனுக்கு. உலகம் முழுக்க அப்படித்தானே ஓடுகிறது. இதில் என் பெண் உட்கார்ந்து எழுதினாள், யார் பையிலும் கை விடவில்லை. அந்தக் காசில் அவள் டியூஷன் பீஸ் கட்டினோம். அவள் அப்பா லாரியில் மாதத்தில் இருபத்தைந்து நாள் வெளியூரில் இருப்பவர், அவரிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமை என்று கூடச் சொல்வேன்.

அப்படி எழுதுகிற பெண் தன் நோட்டை இன்னொருவனிடம் எழுதி வாங்கினாளாம்! அல்வா கடைக்காரன் அடுத்த கடையில் அல்வா வாங்கித் தின்றான் என்பது போல.

ஹெச்.எம். அறைக்கு வெளியே சௌம்யா வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. வேகமாக வந்து என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நீ ஒண்ணும் பேசாத. ரேவதி மிஸ் பேசிகினு கீறாங்க. அவங்க பாத்துப்பாங்க. நீ சும்மா வந்து உக்காரு, போதும்."

"நான் இன்னாடி பேசப்போறேன்? நாயத்தைதான் பேசுவேன்."

"நாயத்தையும் பேசாதம்மா."

உள்ளே ஹெச்.எம். அம்மா இருந்தார். அவருக்கு எதிரே கண்ணாடி போட்ட ஒருவர். அவர்தான் எக்ஸ்டர்னல், பெயர் சம்பந்தம் சார். பக்கத்தில் சௌம்யாவின் கெமிஸ்ட்ரி டீச்சர் ரேவதி. மேஜை மேல் சௌம்யாவின் ரெக்கார்டு திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் சம்பந்தம் சாரின் போன்.

"பாருங்கம்மா," என்று அவர் போனை என் பக்கம் திருப்பினார். "நேத்து நான் காட்டுப்பாக்கம் பக்கத்துல ஒரு பிரைவேட் ஸ்கூலுக்கு எக்ஸ்டர்னலா போயிருந்தேன். அங்க எட்டு பசங்க ரெக்கார்டு ஒரே கையெழுத்து. போட்டோ எடுத்து வெச்சேன். இன்னிக்கு இங்க வந்தா உங்க பொண்ணு நோட்டும் அதே கையெழுத்து. எழுத்து மட்டும் இல்ல, ரீடிங்கும் அதே. அங்க ஒரு ஆசிட், இங்க ஒரு ஆசிட், அளந்தா எப்படிம்மா ஒரே அளவு வரும்? காசு வாங்கிட்டு ஒருத்தன் ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி எழுதிக் குடுத்திருக்கான்."

போட்டோவைப் பார்த்தேன். ரெட்டைக் கோடு. வால் திரும்பின 'ஜி'. ஒரு நோட்டின் அட்டையில் தமிழில் இருந்த விஷால் என்ற பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்த நோட்டின் மேல் நான் குழம்புக் கரண்டியை வைத்துவிட்டேன் என்று சௌம்யா என்னோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறாள்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சௌம்யா ஏன் வாயைத் திறக்காமல் நிற்கிறாள் என்பதும் புரிந்தது. வாங்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால், விற்றேன் என்று சொல்ல வேண்டும்.

ரேவதி டீச்சர் சௌம்யாவின் அப்சர்வேஷன் நோட்டை எடுத்து வைத்தார். பக்கங்களில் எல்லாம் வயலெட் கறையும் மஞ்சள் கறையும் இருந்தன. "சார், இதைப் பாருங்க. ஜூலையிலேர்ந்து ஒவ்வொரு எக்ஸ்பெரிமெண்ட்டுக்கும் தேதி போட்டு நான் சைன் பண்ணியிருக்கேன். ரெக்கார்டுல இருக்கற ரீடிங் எல்லாம் இதுலேயே இருக்கு. எல்லாத்தையும் இந்தப் பொண்ணு என் லேப்ல, என் கண்ணு முன்னால செஞ்சா. கையெழுத்து ஒண்ணு போல இன்னொண்ணு இருக்கலாம் சார். லேபுக்குள்ள விட்டுப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

சம்பந்தம் சார் இரண்டு நோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மணி பத்தே முக்கால். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். தொந்தரவு வேண்டாம் என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான். கடைசியில் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"சரி மேடம். எக்ஸ்பெரிமெண்ட்டை செஞ்சிருக்கா, ஒத்துக்கறேன். உக்காரட்டும். வைவால நல்லாக் கேக்கறேன்."

சௌம்யா என் விரலை ஒரு தரம் இறுக்கிப் பிடித்து விட்டாள். அத்தோடு எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நான் வெளியே வந்திருக்க வேண்டும். ஒரு கும்பிடு. அதற்குக் கூட எனக்கு வக்கில்லாமல் போய்விட்டது.

அவர் கையெழுத்துப் போடக் குனிந்தவர், என்னைப் பார்த்து நல்லவிதமாகத்தான் சொன்னார். "ஏம்மா, அந்த ஸ்கூல் பசங்க வசதியானவங்க, காசைத் தூக்கிப் போடுறாங்க. அவங்களைப் பாத்து நீங்களும் இந்த வேலை செய்யலாமா? நாலு பக்கம் எழுதக்கூட உங்க பொண்ணுக்குக் கை வளையாதா?"

கை வளையாதா! எட்டு நோட்டு எழுதி நடுவிரலில் காய்ப்புக் காய்த்த கை அது. ராத்திரி தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டது நான்.

"யாருக்கு சார் கை வளையாது?" என்று எழுந்துவிட்டேன். "இவளுக்கா? இவ எதுக்கு சார் காசு குடுத்து எழுதி வாங்கணும்? அந்த எட்டு நோட்டையும் எழுதிக் குடுத்ததே இவதான்! எங்க ஊட்டுத் தரையில குந்திகினு எழுதுனா. நீங்க நேத்து பாத்தீங்களே, அந்த வசதியான பசங்க, அவனுங்களுக்குதான் கை வளையல! இவ எவன் எழுத்தையும் கடன் வாங்கல சார்!"

"அம்மா," என்றாள் சௌம்யா. மெதுவாகத்தான் சொன்னாள்.

ரேவதி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கத்தியது, பாம்பு பிடித்தது தவளைக்குட்டியை.

ஹெச்.எம். அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சம்பந்தம் சார் பேனாவை மூடினார்.

"எட்டும் நீ எழுதினதா?" என்று சௌம்யாவைக் கேட்டார்.

"ஆமா சார்."

"ரீடிங் எப்படி ஒண்ணா வந்தது?"

"அவங்க ரீடிங் அனுப்பல சார். கேட்டதுக்கு எதாச்சும் ஒரு நம்பர் போடுன்னாங்க. பொய்யா ஒரு நம்பர் போட எனக்கு மனசு வரல. அதான் எங்க லேப்ல எனக்கு வந்ததையே போட்டேன்."

இந்த உலகத்தில் எந்தப் பைத்தியக்காரி இப்படிச் செய்வாள்? திருட்டு நோட்டுக்கு நிஜமான கணக்கு. எதையாவது போட்டிருந்தால் இன்றைக்கு ஒருவனும் பிடித்திருக்க முடியாது.

"பாத்தீங்களா சார்?" என்றேன். குரல் எனக்கே அடங்கவில்லை. "சரி, இவ தப்புதான். எழுதிக் குடுத்தது தப்புதான். நானும் சேந்துதான் செஞ்சேன். இன்னா தண்டனையோ குடுங்க. ஆனா அந்த எட்டு பேரு? அவனுங்களை இன்னா பண்ணப்போறீங்க?"

"அது வேற ஸ்கூல்மா."

"அவனுங்களுக்கும் நீங்கதானே எக்ஸ்டர்னல்?"

"அங்க முடிஞ்சு போச்சு. மார்க் ஏத்தியாச்சு."

"ஏத்துனது யாரு சார்? ஒரே கையெழுத்துன்னு தெரிஞ்சுதானே போட்டோ புடிச்சீங்க? தெரிஞ்சேதானே கையெழுத்துப் போட்டீங்க? அங்க சேர்ல உக்காரவெச்சு சாப்பாடு போட்டாங்க, வாய மூடிக்கினீங்க. இங்க வந்து ஒத்தப் பொண்ணைக் கண்டதும் வீரம் வந்துச்சா?"

"லோகநாயகி!" என்று ஹெச்.எம். அதட்டினார். ஆனால் சம்பந்தம் சாரின் முகம் மாறியிருந்தது. கோபம் இல்லை அது, பயம். அதுவரை அவர் அதை யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். இவள் எழுதினாள் என்று எழுத்தில் வந்துவிட்டால், அடுத்து நேற்று நீ எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று அவரைத்தான் கேட்பார்கள்.

அவர் ஹெச்.எம். பக்கம் குனிந்து கொஞ்ச நேரம் பேசினார். பிறகு நிமிர்ந்து, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்.

"ரெண்டு வழி இருக்கு. இந்தப் பொண்ணு காசு வாங்கிக்கிட்டு எழுதிக் குடுத்தான்னு ரிப்போர்ட் அனுப்பினா விசாரணை வரும். அது முடியற வரைக்கும் இவ எந்தப் பரீட்சையும் எழுத முடியாது. இன்னொண்ணு, முதல்ல இருந்த மாதிரியே இருக்கட்டும். இவ ரெக்கார்டை இவ எழுதல, வெளியில எழுதி வாங்கினான்னு ஒரு லெட்டர் குடுக்கட்டும். ரெக்கார்டுக்கு உண்டான மூணு மார்க் மட்டும் போகும். இப்பவே லேபுக்குப் போகலாம்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"அவ எழுதுனதை எழுதலன்னு எழுதணுமா?"

"ஆமா."

"அது பொய்யாச்சே சார்."

"சார், இது சரியில்ல," என்றார் ரேவதி டீச்சர்.

"அப்ப நீங்களே முடிவு பண்ணுங்க மேடம். ஆப்சென்ட் போட்டுடலாமா?"

ரேவதி டீச்சர் அப்சர்வேஷன் நோட்டை மூடி வைத்துவிட்டார். நான் பேசினேன். கலெக்டர் ஆபீஸுக்குப் போவேன் என்றேன், காட்டுப்பாக்கம் ஸ்கூல் வாசலில் போய் நின்று கத்துவேன் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே சௌம்யா மேஜை மேலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க சார், எழுதறேன்."

அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நின்றபடி, குனிந்து, ஒரு அடித்தல் இல்லாமல். முடித்ததும் நான் ரேவதி டீச்சரிடம் கேட்டேன், அதில் என்ன இருக்கிறது என்று. அவர் என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார். "இந்த ரெக்கார்டு நோட்டு என் கையால் எழுதியது இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்குப் பணம் கொடுத்து எழுதி வாங்கினேன். இனி இப்படிச் செய்ய மாட்டேன்."

அந்தத் தாள் சௌம்யாவின் ரெக்கார்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அந்தப் பக்கம் போனில் போட்டோ இன்னும் அணையாமல் இருந்தது. மூன்றிலும் 'ஜி' கீழே போய், நின்று, இடது பக்கம் திரும்பியிருந்தது. படிப்பில்லாத எனக்கே தெரிந்தது. படித்தவர்கள் மூன்று பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சம்பந்தம் சார் தாளை எடுத்து முழுக்கப் படித்தார். "தேதி போடலையே," என்றார்.

சௌம்யா தேதி போட்டாள். ஹெச்.எம். கையெழுத்துப் போட்டார். ரேவதி டீச்சர் போட்டார். கடைசியாக அதை என் பக்கம் தள்ளினார்கள், பெற்றோர் கையெழுத்துக்கு.

"நான் போடமாட்டேன்," என்றேன். "செத்தாலும் போடமாட்டேன். என் பொண்ணு கையை அவ கைய வெச்சே இல்லன்னு எழுத வெக்கிறீங்க. நீங்கல்லாம் வாத்தியாருங்களா?"

அப்போது லேப் பக்கம் மணி அடித்தது. சௌம்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் என்னிடம் கோபப்படவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அப்போதுதான் கோபப்பட்டாள்.

"நீ வாய வெச்சிகினு சும்மா இருந்திருந்தா, இந்நேரம் நான் உள்ள இருந்திருப்பேம்மா. போட்டுட்டுப் போ."

சம்பந்தம் சாரின் பேனாவை எடுத்தேன். லோகநாயகி என்று எழுத எனக்கு எப்போதும் நேரமாகும், அன்றைக்கு இன்னும் ஆனது. நான் கடைசி எழுத்தை எழுதி முடிப்பதற்குள் அவள் கதவைத் திறந்துகொண்டு லேபுக்கு ஓடிவிட்டாள். அந்தப் பேனாவை அவர் மூஞ்சியில் விட்டெறியத்தான் கை துடித்தது. ஆனால் உள்ளே போய் அவளுக்கு வைவா கேட்கப்போவது அவர்தான். அதனால் மூடியைத் தேடி எடுத்து மாட்டி, "தேங்க்ஸ் சார்," என்று சொல்லி, அவர் கையில் கொடுத்தேன்.